பள்ளத்துக் கேட்டில் நின்ற வண்டி

அம்மாவை வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தும்போதுதான் மகள் டிராக்டரைப் பார்த்தாள். தொட்டி நிறைய யூரியாவோடு அது பள்ளத்துப் புல்வெளியை நோக்கி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, அது எங்க போகுது?"

"மழை வருதுல்ல? நாம அடக்கம் பண்ணிட்டு வர்றதுக்குள்ள தூவி முடிச்சிடுவான்."

"பள்ளத்துல போடக் கூடாதுன்னு அம்மா..."

"அம்மாதான் போயாச்சே."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளத்துக்குக் கீழே தையல்காரர் வீட்டுக் கிணறு. அவர் பேத்திக்குக் கைக்குழந்தையில் உதடு நீலம் பாரித்தபோது, பால்மாவு கரைத்த தண்ணீர்தான் காரணம் என்றார் டாக்டர். மேலே போட்ட உரமும் மாட்டு மூத்திரமும் மழையோடு இறங்கிக் கிணற்றில் நைட்ரேட் நஞ்சாகச் சேர்ந்திருந்தன. குழந்தை பிழைத்தது. மறுநாளே அம்மா மாடுகளை மேட்டுக்கு ஓட்டிவிட்டுக் கேட்டைச் சாத்தினாள். பால் குறைந்தது, அண்ணன் முகமும் சுருங்கியது. யார் உரத்தோடு வந்தாலும் அம்மா கேட்டுக்குக் குறுக்கே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். எழுப்ப ஒருவருக்கும் தைரியம் வந்ததில்லை.

மகள் முன் சீட்டில் ஏறினாள்.

"டிரைவரண்ணே, அந்தப் பள்ளத்துக் கேட்டுக்குக் குறுக்க கொண்டுபோய் நிறுத்துங்க."

"போற வழி இந்தப் பக்கம்லம்மா?"

"அம்மா கொஞ்ச நேரம் அங்க இருக்கணும்ணே."

டிரைவர் ஸ்டீயரிங்கைத் திருப்பினார். வண்டி டிராக்டரை முந்திக்கொண்டு போய்க் குறுக்கே நின்றது. டிராக்டர்காரன் எஞ்சினை அணைத்துவிட்டுத் தலைத்துணியை அவிழ்த்தான். அண்ணன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"எல்லாரும் பார்க்கறாங்க, மானத்த வாங்காத. வண்டிய எடுக்கச் சொல்லு!"

"நீயே சொல்லு. அம்மாவ அப்புறப்படுத்துங்கன்னு எல்லார் முன்னாடியும் சத்தமா சொல்லு, எடுத்துடறேன்."

அவன் வாயைத் திறந்தான். வண்டியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். பின்னால் வந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தையல்காரர் மட்டும் பேத்தியின் கையைப் பிடித்து அழைத்துவந்து வண்டியோரம் நின்றுகொண்டார்.

"எவ்வளவு நேரம் இப்படி?" என்றான் அண்ணன், குரல் இறங்கி.

"மழை வர்ற வரைக்கும்."

வந்தது. முதலில் தூறலாக, பிறகு கொட்டோ கொட்டென்று. டிராக்டர்காரன் தொட்டியில் ஒரு பிடி அள்ளிப் பிசைந்து பார்த்தான்.

"கட்டி தட்டிப்போச்சுங்க. இனி இதத் தூவ முடியாது."

அவன் டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போனான்.

மகள் நனைந்துகொண்டே இறங்கினாள். வேலியோரம் கவிழ்ந்து கிடந்த முக்காலியை எடுத்து, சேற்றைப் புடவையால் துடைத்து, கேட்டுக்குக் குறுக்கே போட்டாள். ஆடாமல் நிற்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.

"போகலாம்ணே."