கடைசியாகத் திறந்த தேதி

"பீரோ அக்கா, கேப்டன் கூப்பிடறார். முகமே சரியில்ல," என்றான் ரப்பர்.

ராணுவத் தலைமையகத்தின் மின்னணு ஆவணப் பிரிவில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைத்ததில்லை. எதையும் பத்திரமாக எடுத்து வைக்கிறவள் என்பதால் அவள் பீரோ. காலாவதியானதை அழிப்பது வேலை என்பதால் அவன் ரப்பர்.

கேப்டன் திரையை அவள் பக்கம் திருப்பினார். மலைமேல் இருந்த ஒரு காவல் சாவடியின் பழைய வயர்லெஸ் பதிவு.

"ரெண்டு வருஷமா யாரும் திறக்காத ஃபைலை மெஷின் அழிக்கச் சொல்லிக் கேக்கும். இது மட்டும் மாட்டவே இல்ல. ஏன்னு பாத்தா, வாரா வாரம் யாரோ திறக்கறாங்க. தளபதியோட உத்தரவைக்கூட எவனும் இத்தனை தடவை படிச்சதில்லம்மா. உளவு வேலையான்னு மேலேர்ந்து கேக்கறாங்க. திறந்தது உங்க ஐடி."

"அதுல பேசறது என் தம்பி, சார்."

நிலச்சரிவில் அந்தச் சாவடியோடு அவள் தம்பி போனது அலுவலகத்துக்கே தெரியும். அவன் குரல் இந்தக் கட்டடத்துக்குள் இருப்பதுதான் யாருக்கும் தெரியாது.

ஒரு முறை திறந்தால் கடைசியாகத் திறந்த தேதி மாறும், அங்கிருந்து இரண்டு வருடம் மறுபடி தொடங்கும். இது அவளுக்குத் தெரியாததா? வருடத்துக்கு ஒரு தடவை திறந்திருந்தால் ஒரு ஈ காக்கைக்கும் தெரிந்திருக்காது. மனசு கேட்டால்தானே! வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரம் வந்தால் கை தானாக ஹெட்போனைத் தேடும். போனையெல்லாம் வாயிற்காவலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் கேட்டதை வாயில்தான் வீட்டுக்குக் கொண்டு போவாள். அம்மா கதவைத் திறக்கும்போதே கேட்பாள், "என்னடி சொன்னான்?" இவள் அவனைப் போலவே சொல்லிக் காட்டுவாள்.

"காப்பி குடுக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. சாவடி இருந்த இடமெல்லாம் அதுல வருது."

"தெரியும் சார்."

"நிரந்தரமா வைக்கணும்னா காரணம் வேணும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "சரிவு நடந்த அன்னிக்குப் பேசினதுன்னு எழுதுங்க. விசாரணைக்கு வேணும்னு நான் கையெழுத்துப் போடறேன்."

தொண்டை வரைக்கும் 'சரி' வந்துவிட்டது.

"இது அன்னிக்குப் பேசினது இல்லையே, சார். அதுக்கு நாலு மாசம் முந்தி. கூடச் செத்துப்போன பிள்ளைங்களோட வீட்டுக்காரங்க, தலைமையகம் முன்கூட்டியே ஏன் எச்சரிக்கலன்னு கேஸ் போட்டிருக்காங்க. இதைத் தூக்கி நடுவுல வெச்சா, 'பாருங்க, கடைசி வரைக்கும் ஜாலியாத்தான் இருந்தாங்க, ஆபத்துன்னு ஒரு வார்த்தை சொல்லல'ன்னு கேஸைத் தள்ளிடுவாங்க."

"உங்க வீட்டுக்கும் அந்தக் கேஸ்ல பங்கு இருக்கே?"

"இருக்கு சார். அதுக்காகத்தான் சொல்றேன்."

கேப்டன் பேனாவை மூடி வைத்தார். "அப்போ வேற வழியில்லம்மா. இன்னிக்கே அழிச்சிடச் சொல்றாங்க."

அழிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும்: காப்பவர் ஒருவர், அழிப்பவர் ஒருவர். வழக்கமாக ரப்பர் கோப்பின் எண்ணை மட்டும் ஒரு பார்வை பார்ப்பான், அவ்வளவுதான். இன்று நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டான்.

"முழுசாக் கேட்டு சரிபாக்கணும், அக்கா. விதி."

"எந்த விதிடா?"

"இப்பத்தான் வந்துச்சு."

ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் போட்டான். இரைச்சலுக்கு நடுவே ஒரு இளம் குரல்: "தண்ணி லாரி இன்னிக்கும் வரல. வந்தா குளிக்கறோம். வரலன்னா எங்க வாசனைக்கே எதிரி ஓடிடுவான். ஓவர்." மறுமுனையில் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ரப்பரும் சிரித்துவிட்டான். சிரித்ததற்காக உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"சிரிடா. சிரிக்கத்தான் பேசினான்," என்றாள். "பொறந்ததுலேர்ந்தே அந்த வாய்தான்."

"இன்னொரு தடவை சரிபாக்கட்டுமா, அக்கா?"

"வேணாம்டா. அப்புறம் என்னால முடியாது."

அவன் அழுத்தினான். அவளும் அழுத்தினாள். கோப்பு இருந்த இடத்தில் அதற்கு மேலே இருந்த கோப்பும் கீழே இருந்த கோப்பும் ஒட்டி நின்றன.

வீட்டில் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெள்ளிக்கிழமையாச்சே. கேட்டியா?"

"கேட்டேம்மா."

"சொல்லு."

செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள். பாதி வரைக்கும் அவனாகவே வந்தது. அதற்குப் பிறகு குரல் கரகரத்து, தேய்ந்து, காற்றாகப் போயிற்று. எப்போதும் சிரிக்கிற இடத்தில் அம்மா சிரிக்கவில்லை. மகளின் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"என்னடி, இன்னிக்கு அவனுக்குத் தொண்டை கட்டியிருக்கா?"

"ஆமாம்மா. அங்க குளிர் ஜாஸ்தி."

"சரி, விடு," என்றாள் அம்மா. "இனிமே பேச வேணாம்னு சொல்லு. தொண்டைய ஆத்திக்கட்டும்."