மூன்றரை மணிக்கு மகளிர் நீச்சல்

"இன்னும் எவ்வளவு நேரம் இப்படி நிக்கப் போறீங்க? முதுகுக்குப் பின்னால ஆள் நின்னா எனக்குக் கை ஓடாது."

என் மனைவி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். சமையலறை வாசலில், ஒரு கையில் ஸ்டாப்வாட்சும் மறு கையில் நோட்டுமாக நான் நின்றிருந்தேன்.

"நீ பாட்டுக்கு வேலையப் பாரு. நான் இல்லன்னு நெனச்சுக்கோ."

"அத நான் கல்யாணமான நாள்லேருந்து நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்று புரிய எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

சட்டை தைக்கும் தொழிற்சாலையில் எனக்கு நேரம் அளக்கும் உத்தியோகம். தையல் மெஷின்கள் முன் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குப் பின்னால் நின்று, காலர் வைக்க நாற்பத்திரண்டு வினாடி, பொத்தானுக்குக் காஜா எடுக்க ஒன்பது வினாடி என்று குறிப்பேன். கை அசைந்தால் வேலை, அசையாவிட்டால் ஓய்வு. உலகத்தையே இந்த இரண்டுக்குள் அடக்கிவிடலாம் என்று நம்பிய ஆள் நான். அந்தப் பெண்கள் எனக்கு 'செகண்ட் முள்ளு' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதைக்கூடப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் மகள் படிக்க விடுதிக்குப் போனாள். வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தது. "பகல்ல கொஞ்சம் நேரம் கெடைக்குதுங்க. புதுசா ஏதாவது கத்துக்கணும்போல இருக்கு" என்றாள் மனைவி. வேறு யாராவது என்றால் "கத்துக்கயேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். நானோ அப்போதுதான் தொழிற்சாலையின் மாதப் பத்திரிகையில் 'மகளிர் ஓய்வு நேரத்தை மகிழ்ச்சியாகக் கழிப்பது எப்படி' என்று கட்டுரை எழுதி, மேனேஜரிடம் சபாஷ் வாங்கியிருந்தேன். சீர்திருத்தத்தை வீட்டிலேயே தொடங்குவோம் என்று ஒரு வாரம் லீவு போட்டு அவளை அளந்தேன்.

தினம் இரண்டு மணி ஐம்பது நிமிடம் ஓய்வு என்று கணக்கு வந்தது. பால் பொங்கக் காத்து நின்றது ஓய்வு. என் அக்காவின் முழங்கால் வலிக் கதைக்கு உம் கொட்டியபடி உட்கார்ந்திருந்த நாற்பது நிமிடமும் ஓய்வு. கை அசையவில்லையே!

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மாநாடு கூட்டினேன். கணவர் இறந்த பிறகு எங்களோடு இருக்கும் அக்கா, கல்யாணம் ஆகாத என் தம்பி, நான் ஆகிய மூவரும் அவளுக்குப் பொழுதுபோக்குத் தேடினோம். "தையல் கத்துக்கட்டும். என் கவுனெல்லாம் தோள்பட்டையில இழுத்துப் பிடிக்குது" என்றாள் அக்கா. "கேக் செய்யக் கத்துக்குங்க அண்ணி. ஆபீசுக்கு எடுத்துட்டுப் போவேன்" என்றான் தம்பி. நான் மாடியில் தக்காளி போடலாம் என்றேன். மூன்று பேருக்கும் அவள்மேல் அவ்வளவு அக்கறை. அவளைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தையல் வென்றது. தொழிற்சாலையில் கழித்துப்போட்ட மெஷின் ஒன்றை நானே சுமந்து வந்தேன். இரண்டே மாதத்தில் அக்காவின் கவுன்கள், தம்பியின் பேண்ட் ஜிப்புகள், பக்கத்து வீட்டுத் தலையணை உறைகள் எல்லாம் அவள் கட்டிலில் இடுப்பளவு குவிந்தன. ஒரு நாள் வழக்கம்போல முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"ஒரு உறைக்கு ஏழு நிமிஷமா? எங்க ஃபேக்டரிப் பொண்ணுங்க ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடுவாங்க."

மெஷின் நின்றது. அவள் எழுந்து அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினாள். மறுநாள் நகராட்சி நீச்சல் குளத்தின் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"நீச்சல் கத்துக்கப் போறேன். மூணரைலேருந்து நாலரை வரைக்கும், பொம்பளைங்க மட்டும்."

"நாப்பத்தாறு வயசுல தண்ணியில எறங்கி என்ன பண்ணப் போற?" என்றாள் அக்கா.

"மெதக்கப் போறேன், அண்ணி."

"அதுல வீட்டுக்கு என்ன லாபம்?" என்று கேட்டான் தம்பி.

"ஒண்ணும் இல்ல தம்பி. அதனாலதான் புடிச்சிருக்கு."

விண்ணப்பத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: 'பெண் விண்ணப்பதாரர் எனில், கணவர் அல்லது தந்தையின் ஒப்புதல் கையொப்பம்.' தம்பி இரண்டு வருஷம் முன்பு அதே குளத்தில் பத்து நிமிடத்தில் சேர்ந்து, மூன்றாம் நாளே நின்றுவிட்டான். அவனிடம் யாரும் யாருடைய கையெழுத்தையும் கேட்கவில்லை.

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்வேனா? கட்டுரை எழுதியவன் ஆயிற்றே! "பார்க்கலாம்" என்றேன். அப்புறம் சளி பிடிக்கும் என்றேன், டாக்டரைக் கேட்போம் என்றேன். நாலாவது தடவை அவள் கேட்டபோது, கண்ணாடியைக் காணோம் என்றேன். அது என் மூக்கின்மேல்தான் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு நீச்சல் தெரியாது. எனக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்துவிடுமே என்று வயிறு எரிந்தது. நாலு மணி டீயை யார் போடுவார்கள் என்ற கவலையும் இருந்தது.

சேர்வதற்குக் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"பன்னண்டு வயசுல அப்பாகிட்ட இதே மாதிரி ஃபாரத்த நீட்டினேன். 'கல்யாணத்துக்கு அப்புறம் உன் புருஷன் இஷ்டம்'னுட்டாரு. இப்ப உங்க இஷ்டமா இருக்கு. என் இஷ்டம்னு ஒண்ணு எந்த வயசுல வருங்க? உங்க நோட்டுல எங்கயாவது எழுதியிருக்கா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். அப்போதாவது பேனாவை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

மறுநாள் மூன்று மணிக்குத் தொழிற்சாலையில் இருந்தபோது எனக்குப் போன் வந்தது.

"சார், நீச்சல் குளத்து ஆபீஸ்லேருந்து பேசறேன். ஆபத்துன்னா கூப்பிடற நம்பர்னு உங்க நம்பரப் போட்டிருக்காங்க. உங்க வீட்டம்மா ஃபாரத்தோட வந்து நிக்கறாங்க. ஒப்புதல் கையெழுத்த அவங்களே போட்டு, உறவுமுறைங்கற எடத்துல 'நானே'ன்னு எழுதியிருக்காங்க. மாத்தித் தாங்கம்மான்னா மாட்டேங்கறாங்க. பின்னால வரிசை நிக்குது சார்."

போனுக்குள் அவள் குரல் கேட்டது. "பாங்க்ல என் கையெழுத்து செல்லுது. ஓட்டுப் போட செல்லுது. இந்தத் தண்ணியில மட்டும் ஏங்க செல்லாது?" அவள் அந்தக் கவுண்டர் ஜன்னலை விட்டு நகரவில்லை என்று தெரிந்தது.

என் முன்னால் அறுபது பெண்கள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்காமல் பேசினேன்.

"அவங்க கையெழுத்தே செல்லும்ங்க. என்னைக் கேக்க வேண்டியதே இல்ல."

சொல்லி முடித்ததும், மறைப்பானேன், எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. என் கழுத்தில் மாலை விழுவது மட்டும்தான் பாக்கி என்று நினைத்தேன்.

"அப்பச் சரி சார், நீங்களே சொல்லிட்டீங்க, இனிமே ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார் குமாஸ்தா. எழுதுவதை அவர் வாய்விட்டே படித்தார். "கணவர்... தொலைபேசியில்... ஒப்புதல்... அளித்தார்."

"ஐயோ, அப்படி எழுதாதீங்க" என்று நான் கத்துவதற்குள், அதன்மேல் ரப்பர் ஸ்டாம்ப் விழும் சத்தம் கேட்டது.