சுபோதினியின் மீன்களைக் கொல்ல முடியவில்லை

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் மழைக்கு ஒதுங்கிய ஒரு மீன்தொட்டிக் கடையில் கிடைத்தது. உள்ளே ஒரு பெண் தண்ணீர்ப் பம்பு ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு தண்ணீர் இறைக்கும், எத்தனை வருட உத்தரவாதம் என்று எதையுமே அவர் கேட்கவில்லை.

“இது நிண்டா என்ன நடக்கும்?” என்றார்.

கடைக்காரர் சிரித்தார். “நிக்காது மிஸ்.”

“நிக்காத பம்பை நான் இன்னும் காணேல்லை,” என்று சொல்லி அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

அவ்வளவுதான். மழை விட்டது, அவர் போய்விட்டார். பெயர் தெரியாது, ஆகவே சுபோதினி என்று வைத்தேன். வேலையும் தெரியாது. சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் பிரிவில் தாதியாக்கினேன். இயந்திரம் நின்றால் என்ன நடக்கும் என்ற கேள்வி வேறு எங்கிருந்து வரும்? வீட்டை வெள்ளவத்தையில், கடலுக்குப் போகும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் அமைத்தேன். (நானும் அந்த ஒழுங்கையில்தான் இருக்கிறேன். அலைந்து திரிந்து தகவல் சேர்க்க எனக்குப் பஞ்சி.)

வீட்டை அமைத்த கையோடு முடிவையும் தீர்மானித்தேன்: மீன்கள் சாகும். உள்ளதைச் சொன்னால் என்ன, மீன்தொட்டியைப் பற்றிய கதையை வேறெப்படி முடிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்: “கடல் யன்னலுக்கு வெளியே முழங்கிக்கொண்டிருந்தது, அவளுக்குள்ளேயோ இன்னொரு கடல்” — வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: ருக்கியா சுபோதினியின் கையைப் பிடித்தார்.

இது பரவாயில்லை. ருக்கியா, சுபோதினியோடு ஒரே பிரிவில் பல வருடம் வேலை செய்தவர். கொட்டாஞ்சேனைக்காரி. அவருடைய கணவர் பௌஸி வீட்டுக் கூடத்தில் உப்புநீர்த் தொட்டி வைத்து, அதற்குள் ஒரு சின்னப் பவளப்பாறையையே வளர்த்தவர். போன நோன்புக்கு முன்னர் அவர் மௌத்தாகிப் போனார். ருக்கியா மெல்பேர்ணில் இருக்கும் மகனிடம் போகிறார். வீடு விலைப்பட்டுவிட்டது, பழைய தொட்டி கசிகிறது. மிஞ்சியிருப்பவை கொஞ்சம் பாறையும், செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட ஒரு சோடிக் கோமாளி மீனும்தான்.

“கடைக்குக் குடுக்க மனசு வருதில்ல சுபோ,” என்றார் ருக்கியா. “அவர் கையால தீன் போட்டு வளத்தது. ஆஸ்பத்திரிக்குப் போற அண்டைக்கும் இதுகளுக்குப் போட்டுட்டுத்தான் போனார். நீங்க வச்சுக்கோங்க. ஆனா ஒண்டு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எனக்கு வீடியோல காட்டணும். செத்துப் போனா செத்துப் போச்சுன்னு சொல்லிடுங்க. பொய் மட்டும் சொல்லிடாதீங்க.”

சுபோதினி உடனே சம்மதிக்கவில்லை. எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். வேறு யாராக இருந்தாலும் கட்டிப்பிடித்து அழுது, ஓம் என்று சொல்லியிருப்பார்கள்.

“முதல் எங்கட வீட்டில ஒரு தொட்டி பிழையில்லாம ஓடோணும் ருக்கியா,” என்றார். “அது ஓடினாப் பிறகு சொல்லுறன். நீங்க பிளேன் ஏறுறதுக்கிடையில சொல்லுவன்.”

(ருக்கியாவுக்குக் கொஞ்சம் மனம் நொந்திருக்கும். ஆனாலும் அவர் வேறு யாரிடமும் கேட்கவில்லை.)

3

இனிச் சாமான்கள் வாங்கும் படலம். பொறுமையில்லாதவர்கள் நான்காம் பகுதிக்குத் தாவலாம். ஆனால் தாவினால் கடைசியில் எதைத் தொடுவதென்று உங்களுக்குத்தான் தெரியாது.

சுபோதினியின் தம்பி ஸ்காபரோவில் இருக்கிறான். செய்தி கேட்டதும், “அக்கா, ஒண்டும் யோசியாதேங்கோ, சாமானெல்லாம் நான் அனுப்புறன்” என்றான். பெட்டி வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, குழந்தையைச் சுற்றுவதுபோலச் சுற்றி வைத்திருந்தது தண்ணீர் சூடாக்கும் ஹீற்றர். சித்திரை மாதத்தில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும் கொழும்புக்கு ஹீற்றர்! அதுவும் கனடா மின்சாரத்துக்கென்று செய்தது. பனிக்குள் இருப்பவனின் அன்பு பனியைத்தான் நினைக்கும், அதில் அவனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

சுபோதினியின் கணவர் தனஞ்சயன் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் வீட்டிலிருந்தே கணினி வேலை செய்பவர். காதில் ஹெட்போன் இல்லாமல் அவரைக் காண்பது அபூர்வம். சுபோதினி சிரிக்கவில்லை. “பெட்டி வந்து சேந்திட்டுது தம்பி, கவனமா வச்சிருக்கிறன்” என்று செய்தி அனுப்பிவிட்டு, ஹீற்றரை அலுமாரிக்குள் கவனமாக வைத்தார். பிறகு போய், தண்ணீரைக் குளிராக்கும் சில்லர் ஒன்று வாங்கினார்.

அடுத்தது தண்ணீர். வடிகருவி ஒன்றும் ஒரு வாளி உப்பும் வீட்டுக்கு வந்தபோது தனஞ்சயனுக்குப் பொறுக்கவில்லை.

“றெயில் பாதைக்கு அங்கால முழுக் கடலும் சும்மா கிடக்கு. நீர் உப்பை விலைக்கு வாங்கி, தண்ணியை வடிச்சு, வீட்டுக்குள்ள கடல் செய்யிறீர்.”

“அந்தக் கடலுக்குள்ள எங்கட கால்வாயும் போய் விழுகுதப்பா. யூனிற்றில எங்களுக்கு முதல் பாடமே தண்ணிதான். மிசின் எல்லாம் பிறகு.”

பம்பு வாங்கப் போனவர் பெரியதாக ஒன்றை வாங்காமல் சிறியதாக இரண்டு வாங்கினார். ஒன்று நின்றால் மற்றது ஓடும். மின்சாரம் போனால் தானாக இயங்கும் பற்றரிக் காற்றுப் பம்பு ஒன்றையும் வாங்கினார். எல்லோரும் வெளிச்சத்தில் தொடங்கி, காசு மிஞ்சினால் பற்றரிக்கு வருவார்கள். இவர் பற்றரியில் தொடங்கினார். வெளிச்சத்தைத் தனஞ்சயனிடம் விட்டார். அவரும் நாலு நாள் யூரியூப் பார்த்து, நீலமும் ஊதாவுமாக எரியும் விளக்கொன்றைத் தெரிவு செய்தார். அது உண்மையிலேயே அழகாக இருந்தது.

“நீர் மீனுக்கு வீடு கட்டுறீரோ, ஐ.சி.யு. கட்டுறீரோ?” என்று கேட்டார் தனஞ்சயன்.

“ரெண்டும் ஒண்டுதானே.”

எல்லாம் பொருத்தி முடிந்ததும் வெள்ளைப் பிளாஸ்ரரைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு சாமானிலும் ஒட்டி, அது என்ன, அது நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று பேனையால் எழுதினார். வார்ட்டுப் பழக்கம். தான் இல்லாத நேரத்தில் நிற்பவருக்கும் தெரியவேண்டும்.*

* பிளாஸ்ரர் துண்டுகளில் என்ன எழுதியிருந்தது என்று நான் ஒவ்வொன்றாகப் பார்க்கவில்லை. பாத்திரம் எழுதுவதையெல்லாம் எழுத்தாளர் வாசிக்கவேண்டும் என்று சட்டமில்லை.

4

இனி என் வேலை.

முதல் முயற்சி: மின்சாரத்தை நிறுத்தினேன். பற்றரிப் பம்பு குமிழிவிடத் தொடங்கியது. ஒழுங்கை முழுவதும் இருண்டு கிடந்தபோது அந்தத் தொட்டி மட்டும் குருகுருவென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாவது: பெரிய பம்பின் கழுத்தை முறித்தேன். — மன்னிக்கவும், அங்கே பெரிய பம்பு இல்லை.

மூன்றாவது: சில்லரைப் பழுதாக்கினேன். தண்ணீரின் மேல் காற்றடிக்கும்படி இரண்டு சின்ன மின்விசிறிகளை முன்பே மாட்டி வைத்திருந்தார். சூடு ஏறவில்லை.

நான்காவது: தண்ணீர் கீழ்வீட்டு மாக்ரெட்டின் கட்டிலில் கொட்டும்படி, “அந்தப் பிற்பகல் குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி வழியத் தொடங்கி” — இல்லை. குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே துளையொன்று போட்டிருக்கிறார். தண்ணீர் துளைவரை இறங்கியதும் காற்றுப் புகுந்து வழிவது நின்றுவிடும். மாக்ரெட் நிம்மதியாகத் தூங்குகிறார்.

எழுதி எழுதி நான் களைத்துப்போனேன். அதே வேளையில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. என்னைவிடக் கெட்டித்தனமான ஒருவரை நானே எழுதியிருக்கிறேன். அவர் என் கதையை ஒவ்வொரு வழியாகப் பூட்டிக்கொண்டே வந்தார்.

5

ஒரு வெள்ளிக்கிழமை. இது மேலே சொன்ன முயற்சிகளுக்கெல்லாம் முன்னர்; மீன் இன்னும் வரவில்லை. தொட்டி வெறும் பாறையோடு ஓடுகிறது. சுபோதினி வழக்கம்போலச் சாமி படத்துக்குச் சாம்பிராணி காட்டி, புகையை வீடு முழுக்கக் கொண்டுபோனார். பிறகு ஸ்கிம்மரின் கிண்ணத்தைக் கழுவ எடுத்தார். ஸ்கிம்மர் என்பது காற்றை இழுத்து, தண்ணீரை நுரைக்கவைத்து, அழுக்கை நுரையோடு மேலே தள்ளும் சாமான். அந்த நுரை சாம்பிராணி மணத்தது.

சுபோதினி கிண்ணத்தை மறுபடியும் முகர்ந்து பார்த்தார். இந்த வீட்டில் எரிப்பது, பொரிப்பது, நுளம்புக்குக் கொளுத்துவது எல்லாமே வரப்போகும் மீன்களின் வயிற்றுக்குள் போகும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சாம்பிராணியை நிறுத்துவதா? சாமியோடு அப்படியொரு ஒப்பந்தம் போட அவருக்கு மனமில்லை. மீன் பொரிப்பதை நிறுத்தத் தனஞ்சயன் விடமாட்டார்.

ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை நீட்டி, யன்னல் சட்டத்தின் மூலையில் துளைபோட்டு வெளியே விட்டார். இனி அது கடற்காற்றை இழுக்கும். காற்றைக் கூட்டிக் குறைக்க, சேலைன் குழாயில் இருக்குமே, கட்டைவிரலால் உருட்டும் சின்னச் சில்லு, அதிலொன்றை மாட்டினார். அதற்கும் ஒரு துண்டுப் பிளாஸ்ரர் ஒட்டினார். நான் எழுந்து நின்று கைதட்டாத குறைதான்.

அடுத்த கிழமை ருக்கியாவுக்கு அழைப்பு எடுத்தார். “இப்ப ஓம், ருக்கியா. கொண்டு வாங்கோ.”

மீன்கள் வந்தன. பெரியது பெண், சின்னது ஆண். பௌஸியின் பாறையைக் கண்டதும் நேரே போய், தமக்குப் பழகிய பொந்துக்குள் புகுந்துகொண்டன. ருக்கியா கண்ணாடியில் விரலை வைத்தார். பெரியது வெளியே வந்து விரலுக்கு நேரே நின்றது. அந்தக் கிழமையே ருக்கியா பிளேன் ஏறிவிட்டார்.

6

கண்டுபிடித்துவிட்டேன்.

வெளியே போகும் குழாய்! வீட்டுக்குள் இருக்கும் புகைக்குப் பயந்து வெளியே விட்டாரே, ஒழுங்கையில் புகை வந்தால்?

இன்று வெள்ளிக்கிழமை, பின்னேரம். மழைக்காலம் முடிந்து நுளம்பு பெருகியிருக்கிறது. டெங்குக்குப் புகையடிக்க ஆட்கள் வருகிறார்கள். முன்னால் வரும் முச்சக்கரவண்டியின் ஒலிபெருக்கி, கதவு யன்னல்களைத் திறந்து வைக்கும்படி சிங்களத்திலும் தமிழிலும் சொல்கிறது. மனிதருக்கு உயிர் காக்கும் புகை அது. மீனுக்கு விஷம். சுபோதினி வேலையில் நிற்கிறார்; ஒரு நோயாளியின் இரத்தம் இயந்திரத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்போது கைத்தொலைபேசி அலுமாரிக்குள்தான் இருக்கும்.

வீட்டில் தனஞ்சயன் மட்டும். அறிவிப்பைக் கேட்டார். நல்ல குடிமகன், எல்லா யன்னல்களையும் திறந்தார், திரைச்சீலைகளை ஓரத்துக்குத் தள்ளினார். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குத் திரும்பினார்.

ஒழுங்கை முனையில் இயந்திரம் உறுமத் தொடங்குகிறது. நான் நினைத்த முடிவு இதோ, கை எட்டும் தூரத்தில். சுபோதினியின் மிகச் சிறந்த யோசனையாலேயே மீன்கள் சாகும். எவ்வளவு கச்சிதம்! கதை எழுதுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

7

ஆனால் எழுத முடியவில்லை.

இரவு எட்டு மணிக்கு அவர் வீட்டுக்கு வந்து, மெல்பேர்ணுக்கு அழைத்து, பொய் சொல்லாமல் உள்ளதைச் சொல்லும் காட்சியை எழுதிப் பார்த்தேன். “ருக்கியா, ரெண்டும்” என்பதற்கு மேல் போகவில்லை. நாலு மாதம் பற்றரியும் பம்புமாகத் தேடித் தேடி வாங்கிய பெண்ணுக்கு, பௌஸி கையால் தீன் தின்ற மீன்களைச் சாகடித்து நான் செய்யும் மரியாதை இதுதானா?

கடைசியாக ஒருமுறை அந்தக் குழாயை வர்ணித்துவிடலாம் என்று கிட்டப் போனேன். தனஞ்சயன் ஓரத்துக்குத் தள்ளிய திரைச்சீலை அதன்மேல் கிடந்தது. அதற்குக் கீழே சில்லு. சில்லுக்குப் பக்கத்தில் பிளாஸ்ரர். நான் முன்பு வாசிக்காமல் விட்டேனே, அந்தத் துண்டு.

“வெளியில புகையெண்டால் இதைக் கீழ உருட்டி மூடுங்கோ. ஒரு மணித்தியாலம் மூடியிருந்தால் ஒண்டும் நடவாது. பயப்பிடாதேங்கோ.”

இதையும் அவர் யோசித்திருக்கிறார். எப்போது யோசித்தாரென்று எழுதிய எனக்கே தெரியாது. எந்தச் சாமானையும் அவர் முழுதாக நம்பியதில்லை. தான் இல்லாதபோது அங்கே நிற்கும் ஒருவர் இதை வாசிப்பார் என்பதை மட்டும் நம்பினார். அந்த ‘பயப்பிடாதேங்கோ’ தனஞ்சயனுக்கென்று எழுதியதா, எனக்கென்று எழுதியதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

புகை மாக்ரெட்டின் யன்னல்வரை ஏறிவிட்டது. தனஞ்சயன் முதுகைக் காட்டிக்கொண்டு யாரோ ஒருவருக்கு, “ஓம், ஓம், அனுப்பிட்டன்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. புகையைக் கொண்டுவந்ததே நான்தானே. என் கையை நம்பவும் வேண்டாம், அது முதல் பக்கத்திலிருந்தே இந்த மீன்களைக் கொல்லத்தான் அலைகிறது. பெரிய மீன் கண்ணாடிக்குக் கிட்ட வந்து, வெளியே நிற்பவர் தீன் போடுவார் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறது.

வெளியே நிற்பது நீங்கள். யன்னல் உங்களுக்கு இடப்பக்கம். திரைச்சீலையை விலக்குங்கள்.