கிளெமென்ட் பெயரில் நின்ற வேலை

தண்ணீர் சுத்திகரிக்கும் பிளான்ட்டுகளைப் பழுதுபார்க்க ஆள் அனுப்பும் கம்பெனி அது, பொம்மசந்திராவில். எந்த வேலைக்கு எந்த டெக்னீஷியன் என்று கம்ப்யூட்டரில் போடுவது கேத்தரினின் பொறுப்பு. அந்த சாஃப்ட்வேருக்குப் பொறுமை என்பதே கிடையாது. வந்த வேலைக்கு உடனே ஆள் போடாவிட்டால் சிவப்பாகிவிடும். மேனேஜர் ஷ்ரேயாஸுக்கு மெயில் பறக்கும். ஆட்களோ எந்நேரமும் டிராஃபிக்கில். அதனால் சீட்டில் உட்காரும் எல்லோருக்கும் ஒரு கள்ளவழி தெரியும். வேலையை விட்டுப் போன கிளெமென்ட்டின் பெயரை இன்னும் யாரும் நீக்கவில்லை. அவர் பெயரில் போட்டால் பச்சை. ஆள் கிடைத்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

அன்று காலை அல்சூரில் ஒரு டயாலிசிஸ் சென்டரிலிருந்து சிஸ்டர் யசோதா கூப்பிட்டாள். பிளான்ட்டின் மோட்டார் நின்றுவிட்டது. டேங்கில் இருப்பது காலை நோயாளிகளுக்கே சரியாகிவிடும், மதியம் வருகிறவர்களுக்குத் தண்ணீர் இல்லை. கேத்தரின் அதை கிளெமென்ட் பெயரில் போட்டாள். அதற்குள் இன்னொரு போன், பிறகு இன்னொன்று. பச்சையாக இருப்பதை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? மறந்தே போனாள்.

டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு வாய் வைத்தபோதுதான் ஞாபகம் வந்தது. பாக்ஸைத் தள்ளி வைத்தாள். அல்சூர் பக்கம் ஒருத்தனும் இல்லை. இங்கிருந்து ஆள் கிளம்பினால் ஓசூர் ரோட்டைத் தாண்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ரத்தம் சுத்தம் செய்ய வந்தவர்களைத் திருப்பி அனுப்பி, அதில் ஒருவருக்கு மூச்சு முட்டினால்? பொய்ப் பச்சை போட்டது தன் கைதானே. அவர்கள் வேறு ஆஸ்பத்திரிக்காவது போகட்டும் என்று சென்டருக்கு போன் போட்டாள்.

"சிஸ்டர், தப்பு என்மேலதான். நான் ஆள் யாரையும் அனுப்பவே..."

"என்ன மேடம் சொல்றீங்க? உங்க ஆள் அப்பவே வந்துட்டாரே. மோட்டார் ஓடுது. எல்லாரையும் பெட்ல போட்டாச்சு. இருங்க, அவர்கிட்டயே குடுக்கறேன்."

"கேத்தி, நான்தான், கிளெமென்ட்."

"அண்ணா! நீங்க எப்படி அங்க?"

"எப்படியா? வேலைய விட்டுட்டு ஜோகுபாளையத்துல கடை போட்டாலும் வுட மாட்டேங்கறீங்களே! நீங்க என் பேர்ல போடறதெல்லாம் என் போன்ல கத்துது. எப்பவும் கொஞ்ச நேரத்துல மாத்திடுவீங்க, நானும் சும்மா இருப்பேன். இன்னிக்கு மாத்தவேயில்ல. டயாலிசிஸ்னு வேற போட்டிருந்துச்சு. பக்கத்துலதானேன்னு வண்டிய எடுத்துட்டேன்."

"ஒரு போன் பண்ணக்கூடாதா அண்ணா? உயிரே போயிடுச்சு எனக்கு."

"பண்ணேன்மா. உன் லைன் எப்ப ஃப்ரீயா இருந்துச்சு?"

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும். பக்கத்து சீட்காரர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டு வேலை என் பேர்ல நிக்குது. ரெண்டும் ஒயிட்ஃபீல்டு. அங்கெல்லாம் நான் போக மாட்டேன், சொல்லிட்டேன்," என்றார் கிளெமென்ட்.

போனை வைத்ததும் அந்த இரண்டு வேலைகளையும் அவர் பெயரிலிருந்து எடுத்தாள். வேறு யார் பெயரிலும் போடவில்லை. இரண்டும் சிவப்பாயின. கண்ணாடி அறையிலிருந்து ஷ்ரேயாஸ் தலையை நீட்டி, இரண்டு சிவப்பு ஏன் என்று கன்னடத்தில் கேட்டார்.

"ஏனு கேத்தரின், எரடு ரெட்?"

"ஆள் இல்ல சார்," என்றாள் கேத்தரின், அலுவலகத்துக்கே கேட்கும்படி. "அதான் சிவப்பா இருக்கு."

பிறகு ஆறிப்போன சாப்பாட்டை எடுத்து நிம்மதியாகச் சாப்பிட்டாள்.