இடது முழங்கால்

ஸ்தாமென் பெஞ்சில் உட்கார்ந்து இடது முழங்காலில் பழுப்புத் துணிப்பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தான். மூட்டுக்குக் கீழே மூன்று சுற்று, குறுக்கே ஒன்று, மேலே இரண்டு. பயிற்சியாளர் கிர்யாக் கைப்பேசியில் நிறுத்தி வைத்திருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி கட்டினான். படத்தில் இருந்தவன் வெலிசார். எழுபத்துநான்கு கிலோ எடையில் நான்கு வருடமாக அவனைத் தாண்டி பல்கேரியாவிலிருந்து யாரும் ஐரோப்பியப் போட்டிக்குப் போனதில்லை. இந்த வசந்தத்திலிருந்து அவன் இடது முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு மல்யுத்தம் செய்கிறான். சோஃபியாவில் தேர்வுப் போட்டிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

"மூட்டு போயிருச்சு அவனுக்கு," என்றார் கிர்யாக். "நின்னு மோதினா உன் தம்பி லோசான் தோத்துருவான். அந்தக் கால எடுத்தான்னா ஜெயிப்பான். ஆனா எடுக்கப் பழகணும். பழக ஒரு கால் வேணும்."

கிளப்பில் பதினொரு பேர் இருந்தார்கள். யாரும் கால் தரவில்லை. தந்திருந்தாலும் பிரயோஜனமில்லை. மூட்டு கெட்டவன் எடையை எந்தப் பக்கம் சாய்ப்பான், எங்கே பயப்படுவான் என்பதை நல்ல காலுள்ளவன் நடித்துக் காட்ட முடியாது. ஸ்தாமெனுக்கு நடிக்க வேண்டிய அவசியமில்லை.

அவனும் ஒரு காலத்தில் இதே மல்யுத்தப் பாயில், இதே எடையில் ஆடியவன். அப்பா நுரையீரல் நிறையக் கல்தூசியோடு செத்தபோது வீட்டிலிருந்து ஒருவன் குவாரிக்குப் போக வேண்டியிருந்தது. தம்பி லோசானுக்கு அப்போது பதினைந்து வயது. யாரும் ஸ்தாமெனைக் கேட்கவில்லை. அவனே அப்பாவின் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டான். ஒரு அளவு சின்னது, பெருவிரல் நகம் இரண்டும் கறுத்துப்போயின. அடுத்த வருடம் சங்கிலி நழுவி ஒரு சலவைக்கல் பாளம் அவன் இடது முழங்காலில் சாய்ந்தது. நாலு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியபோது மேஸ்திரி சொன்னார்: "இன்னொரு தடவ இது போச்சுன்னா உனக்கு இங்க உக்காந்து பாக்கற வேலையெல்லாம் கெடையாது. பாத்துக்க." அன்றிலிருந்து பார்த்துக்கொண்டுதான் வந்தான்.

பிடி எளிமையானதுதான், விதிக்கு உட்பட்டதும்கூட. தாழப் பாய்ந்து குதிகாலைப் பிடிக்க வேண்டும். பிடித்த கையை விடாமல், தோளால் முழங்காலை வெளிப்பக்கமிருந்து முட்டித் தள்ள வேண்டும். நல்ல மூட்டு வளைந்து கொடுக்கும், ஆள் உட்கார்ந்துவிடுவான். கெட்ட மூட்டு வளையாது.

முதல் நான்கு நாள் லோசான் பூனையைத் தூக்குகிற மாதிரி அண்ணன் காலைப் பிடித்தான். தோள் மூட்டுக்கு வந்ததும் நின்றுவிடும்.

"என்னடா பண்ற, ரொட்டிக்கு மாவு பெசையறியா?" என்றான் ஸ்தாமென்.

"அண்ணே, வலிக்கும்ணே."

"எனக்குத்தான வலிக்கும். உனக்கு ஏன் மூஞ்சி அப்படிப் போகுது?"

சுவரோரம் இருந்தவர்கள் சிரித்தார்கள். லோசான் மறுபடி பாய்ந்தான், மறுபடி நின்றான். ஸ்தாமென் அவன் பிடரியைப் பிடித்து இழுத்துக் காதருகில் சொன்னான்: "என் மூஞ்சியப் பாக்காத. காலுக்கு மூஞ்சி கெடையாது. ஏழு வருஷமா நான் கல்லு ஒடைக்கறது நீ என்னத் தடவிக் குடுக்கறதுக்கா? இந்தக் கால் எப்பவோ செத்துப்போன கால். அடி."

அந்தக் கடைசி வாக்கியங்களைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று வீட்டுக்கு நொண்டிப் போகும் வழியில் தோன்றியது. ஆனால் வேலை செய்தது. ஐந்தாம் நாளிலிருந்து லோசான் நிற்கவில்லை. பத்தாம் நாள் வாக்கில் அவன் பார்வை மாறியிருந்தது. ஹாலுக்குள் அண்ணன் நுழையும்போதே கண் நேராக முழங்காலுக்குப் போகும், அது இன்று எவ்வளவு வீங்கியிருக்கிறது, எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அளக்கும். ஸ்தாமென் கேட்டது அதைத்தான். கேட்டது கிடைத்தபோது பட்டையில் இன்னொரு சுற்று கூட்டிக்கொண்டான். காலையில் குவாரியில் ஏணிப்படி இறங்க இப்போதெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதலில் கெட்ட காலை வைத்து, பிறகு நல்ல காலை இறக்க வேண்டியிருந்தது. மேஸ்திரி இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவான்.

தேர்வுக்கு மூன்று நாள் முன்பு அது நடந்தது. லோசான் பாய்ந்தான். குதிகால் பிடிபட்டது, தோள் வந்தது. ஈர விறகு பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். ஹாலில் எல்லோருக்கும் கேட்டது. ஸ்தாமென் தம்பியின் முதுகில் மூன்று முறை தட்டினான். பயிற்சியில் தட்டினால் விட்டுவிட வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தருவதே அதைத்தான். லோசான் விடவில்லை. ஒரு மூச்சு இழுத்து, காலை இடம் மாற்றி ஊன்றி, பிடியை முழுசாக முடித்தான். கிர்யாக் விசில் ஊதிய பிறகுதான் கை தளர்ந்தது.

கிர்யாக் குனிந்து முழங்காலைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து லோசானைப் பார்த்தார். "இதுதான்," என்றார். "அங்கயும் இப்படியே பண்ணு."

வீட்டில் லோசான் பிளம் சாராயத்தைத் துணியில் நனைத்து அண்ணன் முழங்காலில் சுற்றினான். நாற்றம் அறையை நிறைத்தது.

"தட்டினத நான் கவனிக்கலண்ணே."

"சரி."

"நெசமா."

"சரின்னு சொல்லிட்டேன்ல. போய்த் தூங்கு."

முதுகில், தோள்பட்டை எலும்புக்கு நடுவே, வியர்வையில் சத்தம் வர மூன்று முறை. ஸ்தாமெனின் உள்ளங்கைக்கு அது நினைவிருந்தது. மறுநாள் மேஸ்திரிக்கு ஃபோன் செய்தான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பூட்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், அது அவன் அப்பாவுடையதுதானே என்றார்.

சோஃபியாவில் அவன் ஊன்றுகோலோடு பார்வையாளர் வரிசையின் விளிம்பில், பாய்க்கு இறங்கும் படிகளின் பக்கத்தில் உட்கார்ந்தான். பெயரைக் கூப்பிட்டதும் வெலிசார் அந்தப் படிகள் வழியாகத்தான் வந்தான். இடது முழங்காலில் பழுப்புக் கட்டு. நெருங்கிப் பார்த்தால் பெரிய ஆளாகத் தெரியவில்லை, வேலைக்குப் போகிறவன் மாதிரி வாயில் எதையோ மென்றுகொண்டு வந்தான். கைப்பிடிக் கம்பியை லேசாகத் தொட்டான். வலது காலை முதலில் இறக்கினான், பிறகு இடது. அடுத்த படி, மறுபடி வலது, பிறகு இடது.

ஸ்தாமெனுக்குத் தன் உடம்பே தன்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

குவாரி ஏணிப்படியில் அவனும் கெட்ட காலைத்தான் முதலில் இறக்குவான். வெலிசாருக்குக் கெட்டது வலது. கட்டு நல்ல காலில். பழைய தந்திரம். குவாரிக்குப் போகும் முன்பு, ஒரு முழங்கால் சுளுக்கியிருந்த பருவம் முழுக்க ஸ்தாமெனே மற்ற நல்ல முழங்காலில் கட்டுப் போட்டு ஆடியிருக்கிறான், அந்தக் கட்டைச் சிரித்துக்கொண்டே சுற்றிவிட்டவர் இதே கிர்யாக். இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம். படத்தில் கட்டைப் பார்த்ததும் இரண்டு பேருமே தமக்கு வேண்டியதைப் பார்த்துக்கொண்டார்கள். பத்தொன்பது நாள், ஒரு முழங்கால், ஒரு வேலை, எல்லாம் தப்பான காலுக்குப் போயிருந்தன.

முதல் மூன்று நிமிடம் லோசான் இடது காலுக்குப் பாய்ந்துகொண்டே இருந்தான். அது தரையில் நட்ட கம்பம் போல நின்றது. ஒவ்வொரு முறையும் வெலிசார் அவன் முதுகின் மேல் ஏறி இரண்டு புள்ளி எடுத்தான். ஆறுக்குப் பூஜ்யம். இடைவேளை அரை நிமிடம். ஊன்றுகோலை விட்டுவிட்டு ஸ்தாமென் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி மூன்று படி இறங்கினான்.

"லோசான். வலது. வலதுடா."

லோசான் திரும்பினான். ஏன் என்று கேட்கவில்லை. வெலிசாரின் வலது முழங்காலைப் பார்த்தான். அந்தப் பார்வையை ஸ்தாமென் அறிவான்.

பிறகு நடந்ததற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குதிகால், தோள். இங்கே கூச்சலில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. வெலிசாரின் கை மட்டும் லோசானின் முதுகில் விழுந்து எழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. லோசான் ஒரு மூச்சு இழுத்து, காலை இடம் மாற்றி ஊன்றினான். நடுவர் வந்து கையைப் பிரிக்க வேண்டியிருந்தது. கம்பியைப் பிடித்திருந்த ஸ்தாமெனின் உள்ளங்கை வேர்த்து வழுக்கியது.

வெலிசாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். லோசானின் கையை உயர்த்தினார்கள். அவன் அழுதுகொண்டே படியேறி வந்தான், பின்னால் மூச்சிரைக்கக் கிர்யாக்.

"ஆறு வாரம் இருக்கு," என்றார் அவர், வேறு வாழ்த்து எதுவும் சொல்லாமல். "ஐரோப்பாவுல ஜார்ஜியாக்காரன்தான் தடங்கல். வலது தோள் மூட்டு எறங்கி எறங்கி ஏறுதாம் அவனுக்கு. நம்பகமான ஆளு சொன்னான்."

"தோளா," என்றான் லோசான்.

அண்ணனைக் கட்டிப்பிடித்தான். ஈரக் கன்னம் ஸ்தாமெனின் கழுத்தில் அழுந்தியது. "உன்னாலதாண்ணே, உன்னாலதான்," என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கை அண்ணனின் முதுகிலிருந்து வலது தோளுக்கு ஏறியது. அங்கே கட்டைவிரல், எலும்பும் எலும்பும் சேரும் குழியைத் தேடிக் கண்டுபிடித்து, மெல்ல அழுத்திப் பார்த்தது.