பொறுக்காமல் விட்ட ஆணிகள்

ரெனே பன்னைக் கீறி வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து வந்த லவான் அவள் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"செத்தவரோட பொண்ணுக்கு சமையல்கட்டுல என்ன வேலை? வெளியில போய் உட்காரு. வந்தவங்க உன் கையைப் பிடிச்சு ரெண்டு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

"கொஞ்ச நேரம் இங்கேயே நிக்கிறேனே, லவான்."

"அப்படியே அப்பா பிடிவாதம். போ."

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்துக்கு வந்திருந்தார்கள். நீள மேசைகளில் பன்றி இறைச்சி வைத்த பன்கள், சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு, வெள்ளரி ஊறுகாய், பெரிய பாத்திரத்தில் காபி. ஊர்க்காரர்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரெனே வெளியே வந்ததும் சில தலைகள் நிமிர்ந்து, மறுபடி தாழ்ந்தன.

மேலே பிரசங்கத்தின்போதும் இப்படித்தான். பாஸ்டர் புதியவர், இந்த ஊருக்கு வந்து ஒரு குளிர்காலம்கூட முழுசாகப் போகவில்லை. "ஆர்லின் தன் கடைசி நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா?" என்று அவர் கேட்டார். "ஏரிக்கரைச் சைக்கிள் பாதையில் யாரோ ஒரு பொல்லாதவன் போட்டுவைத்த ஆணிகளை, இந்த வயதில், மண்டியிட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாதவர்களுக்காக." பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்த சைக்கிள்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முன்வரிசைகளில் ஊர் முழுவதும் இருந்தது. ஒருவர்கூட இருமவில்லை. பக்கத்தில் இருந்த அண்ணன் கர்ட்டின் காதுமடல் சிவப்பதை ரெனே பார்த்தாள்.

அந்தப் பொல்லாதவன் யார் என்று ஊருக்குத் தெரியும்.

ரயில் ஓடிய காலத்தில் தண்டவாளம் அவர்கள் மேய்ச்சல் நிலத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு போனது. ரயில் நின்றதும் நிலம் திரும்பக் கைக்கு வரும் என்று அப்பா நம்பியிருந்தார். அரசு தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, சுண்ணாம்புக்கல் பொடியைக் கொட்டி உருட்டி, சைக்கிள் பாதை ஆக்கிவிட்டது. அப்பா வழக்குப் போட்டுத் தோற்றார். அதற்கப்புறம்தான் ஆணி. மழை பெய்து பாதை இளகியிருக்கும்போது போய், கூரைத் தகட்டுக்கு அடிக்கிற அகலத் தலை ஆணிகளைத் தலைகீழாகக் கல்பொடிக்குள் அமுக்கி வைப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் களை பிடுங்குகிற மாதிரி இருக்கும்.

அம்மா இருந்தவரை அது வெறும் கோபம். அம்மா போன பிறகு வேறு என்னவோ ஆகிவிட்டது. டயர் போன சைக்கிள்காரர்கள் தள்ளிக்கொண்டு வந்து சேருகிற முதல் வீடு அவருடையது. அவர்களை மேப்பிள் மரத்தடியில் உட்காரவைத்துக் காபி கொடுப்பார். பழைய பம்பை எடுத்துவருவார். எங்கிருந்து கிளம்பினார்கள், ஏரியில் நாரைகள் இறங்கியிருக்கின்றனவா என்றெல்லாம் விசாரிப்பார். ஒட்டுப்போட்டு முடித்தும் அவர்களை விடமாட்டார். கர்ட் தொலைபேசியில் அதைச் சொல்லிச் சிரிப்பான்: "அப்பாவுக்கு இன்னைக்கு மூணு மீன் மாட்டிச்சாம்." அவளும் சிரிப்பாள். "பெரிய மீனா?" என்பாள்.

தான் வந்து தங்குகிற வாரங்களில் ஒரு மீன்கூட மாட்டுவதில்லை என்பதை அவள் எப்போதோ கவனித்துவிட்டாள். அதை கர்ட்டிடம் சொன்னதில்லை. அதன் பிறகு அதிகமாக வந்ததும் இல்லை. வேலை இருந்தது, பனி இருந்தது, ஏதாவது ஒன்று இருந்தது. போன மாதம் அவர் கேட்டார் என்று லவானுடைய இரும்புச் சாமான் கடையில் ஒரு பெட்டி கூரை ஆணி வாங்கி, வாசலில் வைத்துவிட்டு, இருட்டுவதற்குள் போகணும் என்று கிளம்பிப்போனாள். பெட்டியைக் காகிதப் பையில் போடும்போது லவான் கேட்டாள்: "அந்தக் கூரை இன்னுமா முடியல?" ரெனே, "தெரியல, கேட்டார்," என்றாள்.

சைக்கிள்காரர்கள் படியிறங்கி வந்தார்கள். மேடிசன் நகரத்திலிருந்து, ஏரிகளைச் சுற்றிக்கொண்டு அந்தப் பாதை வழியாகவே மிதித்து வந்திருந்தார்கள். கூடத்தின் தரை அழுக்காகிவிடும் என்று புழுதி படிந்த காலணிகளை வாசலில் கழற்றிவிட்டிருந்தார்கள். சாவு வீட்டுச் சாப்பாட்டுக்கு வண்ண வண்ணக் காலுறைகளோடு வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, வேறு நாளாக இருந்தால் கர்ட் ஏதாவது சொல்லியிருப்பான்.

அவர்களில் ஒருத்தி நொண்டி நொண்டி ரெனேயிடம் வந்தாள். காலுறைக்குள் கட்டுத் துணி புடைத்துத் தெரிந்தது.

"நீங்கதானே ரெனே? நான் கோரின். அப்பா விழுந்து கிடந்ததை முதல்ல பார்த்தது நான்தான்."

ரெனே அவளை மேசையின் கோடிக்குக் கூட்டிப்போனாள். கோரின் தட்டில் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

"உங்க அப்பா வீட்டுல நான் முன்னாடியே காபி குடிச்சிருக்கேன். ரெண்டு தடவை. என்னை மறக்கவே இல்ல அவர். 'மறுபடியும் நீயா, உன் டயரை வித்துட்டு ஒரு மாடு வாங்கு'ன்னார்."

"அவர் அப்படித்தான் பேசுவார்."

"அன்னைக்கு ஏரி வளைவுல கவிழ்ந்து கிடந்தார். மூச்சு இருந்துச்சு. உள்ளங்கையில ஒரு பிடி ஆணி. எங்களுக்காகப் பொறுக்கிட்டு இருந்திருக்கார்." கோரின் நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டாள். "அந்தப் பள்ளத்துல போன் எடுக்காது. அதான் உங்க வீட்டுக்கு மிதிச்சேன். கொஞ்ச தூரம்கூடப் போகல, டயர் உட்கார்ந்துடுச்சு. ஒரு ஆணின்னா டயருக்குள்ள இருக்கிற பசையே ஓட்டையை அடைச்சுடும். ரெண்டு ஏறியிருந்துச்சு. பாவம், அவர் பொறுக்காம விட்ட ரெண்டு."

ரெனே மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"பெடல்ல மாட்டுற அந்த ஷூவைப் போட்டுக்கிட்டு ஓட முடியல. கழட்டிட்டு ஓடினேன். ஆனா நேரம் ஆயிடுச்சு. காத்து இல்லாம வெறும் விளிம்போடயாவது மிதிச்சுட்டுப் போயிருக்கணும், ரெனே. சக்கரம் வளைஞ்சா வளையட்டும்னு. அது அந்த நேரம் எனக்குத் தோணல. உண்மையைச் சொல்லட்டுமா, தோணுச்சு. புதுச் சக்கரம். ஒரு நொடி யோசிச்சேன்."

"உங்க மேல தப்பு இல்ல."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. என் வீட்டுக்காரர், டாக்டர், எல்லாரும். எனக்கு அது வேணாம்." கோரின் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்று இருந்தன. "தூக்கமே இல்ல. சாப்பாடு இறங்கல. நீங்க அவர் பொண்ணு. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. முடியலேன்னா அதையாவது சொல்லுங்க."

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். அந்த ஆணியை வைத்தது அவர்தான். வாங்கிக் கொடுத்தது நான். ரெனேயின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் இவள் இன்றிரவு தூங்குவாள். இல்லை, உடனே இல்லை. முதலில் எழுந்து போவாள், அந்த மேசையில் இருப்பவர்களிடம் சொல்வாள், காலுறைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தட்டைக் கீழே வைப்பார்கள். ஈரம் காயாத மண்ணுக்குள் அப்பா இன்னொரு முறை சாவார். இதெல்லாம் அப்பாவுக்காகத்தான் என்று நினைத்துக்கொள்ள அவள் முயன்றாள். முடியவில்லை. காகிதப் பையைப் பிடித்திருந்த தன் கைதான் ஞாபகத்துக்கு வந்தது. கார் எஞ்சினை அணைக்காமலே இறங்கிப்போய், அழைப்பு மணியை அடிக்காமல், அதை வாசலில் வைத்த கை.

காபிப் பாத்திரத்தின் அருகே கர்ட் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மெல்ல, மிக மெல்ல, தலையை இடமும் வலமும் அசைத்தான்.

"மன்னிச்சிட்டேன்," என்றாள் ரெனே.

கோரின் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சத்தமில்லாத அழுகை, முதுகுதான் குலுங்கியது. ரெனே அந்த முதுகைத் தட்டிக்கொடுத்தாள். தட்டிக்கொடுக்கிற தன் கையைப் பார்க்கப் பிடிக்காமல் நிமிர்ந்தாள். லவான் நின்றிருந்தாள். அழுக்குக் கோப்பைகளை எடுக்கத் தட்டோடு வந்தவள், எப்போது வந்தாள், எந்த வார்த்தையிலிருந்து கேட்டாள் என்று தெரியவில்லை.

"எங்க ஆளுங்க ஒண்ணு யோசிச்சிருக்காங்க," என்றாள் கோரின், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அந்த வளைவுல, ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு பெஞ்ச். அவர் பேரு போட்டு. நீங்க சரின்னு சொன்னா."

கர்ட் அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டிருந்தான். "தாராளமா," என்றான். "அப்பாவுக்கு ஆளுங்க வந்து உட்கார்ந்தா பிடிக்கும்." பிறகு ரெனேயின் காதருகே குனிந்து, "அது பொய் இல்லையே," என்றான்.

கோரினுக்குப் பசி வந்துவிட்டிருந்தது. எழுந்து போய் பன்களையும் உருளைக்கிழங்கையும் குவியலாகப் போட்டுக்கொண்டு வந்தாள். நாள் கணக்கில் பட்டினி கிடந்தவளைப் போல, வாய் நிறைய, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் சாப்பிட்டாள். இரண்டாவது பன்னைப் பிய்த்துத் தட்டில் ஒட்டியிருந்த சீஸை வழித்தாள். "மன்னிச்சிடுங்க, ரொம்ப நல்லா இருக்கு," என்று வெட்கத்தோடு சிரித்தாள். முகத்தில் நிறம் ஏறியிருந்தது. வந்தபோது இருந்ததைவிடப் பத்து வயது குறைந்து தெரிந்தாள்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க," என்றாள் ரெனே.

லவான் மேசையைச் சுற்றி வந்தாள். ஊறுகாய்க் கிண்ணத்தை எடுத்தாள், கோரினுடைய காலித் தட்டை எடுத்தாள், அவளிடம் மட்டும், "காபி கொண்டுவரவா?" என்று கேட்டாள். ரெனே தன் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். அதில் பாதிக் காபி மிச்சம் இருந்தது. இன்னும் சூடாகவே இருந்தது. லவான் அவள் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினாள். ரெனே விரல்களைப் பிரித்துக் கொடுத்தாள். லவான் அதைத் தட்டில் மற்ற கோப்பைகளோடு வைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனாள்.