மடிப்புக் கலையாத அறை

மூன்றாவது விடுதியின் சுழல்கதவுக்குள் நுழையும்போதே அவள் கண்ணாடியில் விரல்தடம் தேடினாள். இங்கேயும் ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

விஷயம் இதுதான். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கடல் தாண்டி எங்கேயோ வானத்தை முட்டுகிற மாதிரி ஒரு கட்டடம் எழும்புகிறது. அதன் லிஃப்டுகளைப் பூட்டி, ஓட்டிப் பார்த்து, பராமரிக்க இரண்டு வருஷத்துக்கு ஆள் வேண்டுமாம். கம்பெனியில் இருந்த அத்தனை பேரையும் விட்டுவிட்டு இவரைக் கேட்டிருந்தார்கள். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. நாளைக் காலைக்குள் சரியா, இல்லையா என்று சொல்லிவிட வேண்டும்.

"நீ சொல்றதுதான் முடிவு," என்று அவர் பொறுப்பைத் தூக்கி அவள் மடியில் போட்டுவிட்டார். "ஆனா வீட்ல உட்கார்ந்து இதைப் பேச முடியாது. குக்கர் கத்தும், உன் தங்கச்சி போன் பண்ணுவா. பெரிய ஊருக்குப் போவோம். இருக்கறதுலயே நல்ல ஹோட்டலா நீயே பாத்து எடு. காலம் பூரா அடுத்தவங்க படுக்கையை விரிச்சவ. ஒரு நாள் அடுத்தவங்க விரிச்ச படுக்கைல படு. ரூம் பிடிச்சுதுன்னு வை, செருப்பைக் கழட்டிட்டு உட்கார்ந்து சொல்லு. போன்னா போறேன், இருன்னா இருக்கேன்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவளிடம் போய் ஒரு ஹோட்டல் அறையைப் பிடிக்கச் சொல்வது, சமையல்காரரிடம் போய் அடுத்த வீட்டுக் குழம்பைப் பாராட்டச் சொல்வது மாதிரி. அவர்கள் ஊரின் நடுத்தர விடுதி ஒன்றில் அவள் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். பெண்கள் சுத்தம் செய்துவிட்டு வந்த அறைக்குள் போய், கதவின் மேல்விளிம்பை விரலால் தடவி, தலையணை உறையின் வாய் வாசலைப் பார்க்காமல் இருக்கிறதா என்று பார்த்து, 'ரெடி' என்று சொல்வது அவள் வேலை. அவள் சொன்னால்தான் ரிசப்ஷன் அந்த அறையை இன்னொருவருக்குக் கொடுக்கும்.

முதல் விடுதி ஆற்றங்கரையில் இருந்தது. கண்ணாடி மாளிகை. அவள் கெட்டிலின் மூடியைத் திறந்தாள். அடியில் உப்புப் படிந்திருந்தது.

"தண்ணி கொதிக்க வெச்சு நாம என்ன குளிக்கவா போறோம்?" என்றார் அவர்.

"கெட்டில் இப்படின்னா குழாய் எப்படி இருக்கும்? வேண்டாங்க."

இரண்டாவது விடுதியில் கெட்டில் பளபளத்தது. தரைவிரிப்பில்தான் ஈர வாடை. அவள் முட்டி போட்டு மோந்தே பார்த்துவிட்டாள். அறையைக் காட்ட வந்த பையனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. வெளியே வரும்போது கணவரும் தன் பங்குக்கு, "லிஃப்டும் சரியில்லை. தரைக்குக் கட்டைவிரல் தடிமன் கீழ நிக்குது," என்றார். உடனே, "அதுக்காக வேண்டாம்னு சொல்லலை," என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

டாக்ஸியில் தங்கை போனில் வந்தாள்.

"என்னக்கா, ஹோட்டல் எடுத்தாச்சா?"

"இல்லடி. பாத்துக்கிட்டே இருக்கோம்."

"நீ ஹோட்டல் எடுக்கப் போனியா, சோதனை போடப் போனியா? மாமா பாவம். இங்க பாரு, இந்த மாதிரி சான்ஸ் எல்லாம் எல்லாருக்கும் வராது. குறுக்க நிக்காதே. பையனும் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போயிட்டான், உனக்கு என்ன கஷ்டம்? வீட்டைத் துடைச்சு வெச்சா ரெண்டு வருஷத்துக்கு அப்படியே இருக்கும். உனக்குப் பிடிச்ச மாதிரி."

தங்கை கேலிக்குத்தான் சொன்னாள். அவளுக்கு மட்டும் அது முள் மாதிரி தைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஜன்னல் வழியாக உயரமான கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றிலும் அடியிலிருந்து நுனிவரை கண்ணால் ஏறினார். அவருக்கு அந்த வேலை மேல் ஆசை இருக்கிறது. அது அவளுக்குத் தெரியும். ஆசை இருக்கிறவரைப் பிடித்து வைக்க நாக்கு வரவில்லை. போங்கள் என்று சொல்லவும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் இப்படி ஊரெல்லாம் அறை பார்த்துக்கொண்டு திரிகிறாள்.

மூன்றாவது விடுதியின் வரவேற்பறைச் சுவரில், ஆசியாவின் மிகச் சிறந்த விடுதிகளில் ஒன்று என்று பித்தளை எழுத்தில் பொறித்திருந்தார்கள். கோட்டுப் போட்ட மேனேஜர் பெண் சிரித்தபடி எழுந்து நின்றாள்.

"பெட்டியை இப்பவே மேல அனுப்பவா மேடம்?"

"வேண்டாம், கீழயே இருக்கட்டும். ரூம் பிடிக்கலைன்னா உடனே கிளம்பிடுவோம். பரவாயில்லையா?"

"தாராளமா மேடம். ரெண்டு மணி நேரத்துக்குள்ள சொன்னா போதும், கேன்சல் பண்ணிடறோம்."

அறை உயரத்தில் இருந்தது. அவள் கதவின் மேல்விளிம்பைத் தடவினாள். விரல் சுத்தமாக வந்தது. கெட்டிலைத் திறந்தாள். குளியலறை வடிகாலைக் குனிந்து பார்த்தாள். திரைச்சீலைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், அலமாரியின் மூலையில், விளக்கின் தொப்பிக்குள் எல்லாம் பார்த்தாயிற்று. பழுது சொல்ல ஒரு நூல்கூடக் கிடைக்கவில்லை. இந்த அறையைச் சுத்தம் செய்த மகராசி யாராக இருந்தாலும் அவள் கை நன்றாயிருக்க வேண்டும் என்று மனதுக்குள் வாழ்த்தினாள். கூடவே திட்டினாள்.

அவர் முகம் கழுவி, வழக்கம்போலச் சட்டைப்பையிலிருந்த துணியால் துடைத்துக்கொண்டு வந்தார். கட்டிலில் பொத்தென்று சாய்ந்து உருண்டார்.

"என்ன சூப்பர்வைசர், பாஸா?"

"ம்."

"அப்ப செருப்பைக் கழட்டு."

அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் குடித்தாள். "ஒரு காபி குடிச்சிட்டு வந்து பேசலாங்க. தலை வலிக்குது."

"ரூம்லயே காபி இருக்கே."

"கடைக் காபிதான் வேணும்."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பெருமூச்சோடு எழுந்தார். "சரி, வா. நான் லிஃப்ட்கிட்ட நிக்கறேன்." எந்தக் கட்டடத்திலும் லிஃப்ட் கதவு திறந்து மூடுவதைச் சற்று நேரம் பார்க்காமல் அவரால் ஏற முடியாது.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கிளம்புமுன் என்ன செய்தாள் என்று கேட்டால் அவளால் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. மனம் எங்கேயோ இருந்தது. கைகள் மட்டும் பழகிய வேலையைப் பார்த்தன.

வெளியே வெயில் கொளுத்தியது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தார்கள். ஒரு துணிக்கடைக்குள் போய் எதுவும் வாங்காமல் வந்தார்கள். ஒரு பூங்காவில் உட்கார்ந்தார்கள், உடனே எழுந்தார்கள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால்கூடத் தேவலை என்றிருந்தது. ஒரு சிக்னலில் நிற்கும்போது, "நீங்க போனா எந்தச் சட்டையெல்லாம் எடுத்துக்குவீங்க?" என்று அவளே கேட்டுவிட்டு, "சும்மா கேட்டேன், பதில் சொல்ல வேண்டாம்," என்றாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பி வந்தார்கள். அறைச் சாவி அட்டையை அவர் கதவில் வைத்தார். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தார். மறுபடி சிவப்பு. உள்ளேயிருந்து ஒரு குழந்தை, "யாரு?" என்று கத்தியது.

இருவரும் பேந்தப் பேந்த விழித்தார்கள்.

கீழே மேனேஜர் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். போனில் யாரிடமோ குசுகுசுவென்று பேசினாள். முகம் வெளுத்துவிட்டது.

"சார், மேடம், ரொம்ப மன்னிச்சுக்கணும். நீங்க அறை பிடிக்காம கிளம்பிட்டீங்கன்னு நினைச்சு, வேற குடும்பத்துக்குக் கொடுத்திட்டோம்."

"அதெப்படி?" அவர் குரல் உயர்ந்தது. "நாங்க கேன்சல்னு சொன்னமா?"

"சொல்லலை சார். தப்பு எங்க மேலதான். ஆனா பெட்டி மேல போகலை. ரெண்டு மணி நேரம் கழிச்சு ஹவுஸ்கீப்பிங்ல போய்ப் பாத்தவங்க, அறையில யாரும் இருந்ததுக்கான அறிகுறியே இல்லை, காலியா ரெடியா இருக்குன்னு சொன்னாங்க."

அவள் கவுன்டர் மேல் கையை ஊன்றினாள். மெதுவாகக் கேட்டாள். "பெட் எப்படி இருந்துச்சாம்?"

"ஒரு சுருக்கம்கூட இல்லையாம் மேடம். டம்ளர் காகித மூடியோட இருந்துச்சாம். வாஷ்பேசின் காஞ்சு கிடந்துச்சாம். டாய்லெட் பேப்பர் நுனிகூட முக்கோணமா மடிச்சபடியே இருந்துச்சாம்."

அவர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

அவளுக்கு எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. பெட்டி இல்லை, படுக்கை கசங்கவில்லை என்றால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். தன்னிடம் வேலை செய்யும் பெண்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. இங்கேயும் யாரோ அதையே சரியாகச் செய்திருக்கிறார்கள். யாரைக் கோபித்துக்கொள்வது?

"அடிப்பாவி," என்றார் அவர். "காசு கொடுத்துத் தங்க வந்த இடத்துலயும் டூட்டி பாத்திருக்கியே!" அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். மேனேஜர் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கஸ்டமர் சிரிக்கிறாரே என்று நிம்மதியாக, "வேற அறை ஏற்பாடு பண்றேன் சார், இதைவிடப் பெரிசா," என்று சொல்லிவிட்டு விரைந்தாள்.

வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் அவர் முகத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது.

"நான் அந்தக் கட்டில்ல நல்லா உருண்டு படுத்தேன்," என்றார். "அதுக்கு ஒரு தடயம்கூட இல்லை பாரு."

"கை தானா செஞ்சிடுச்சுங்க."

"தெரியும். நம்ம வீட்லயும் அப்படித்தானே? நான் சோபாவை விட்டு எழுந்து தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள மெத்தையைத் தட்டி வெச்சிருப்பே. சட்டையைக் கழட்டி நாற்காலில போட்டா திரும்பறதுக்குள்ள காணாம போயிடும். பல தடவை நினைச்சிருக்கேன். நான் ஊர்ல இல்லைன்னா இவளுக்கு ஒரு வேலை மிச்சம், அவ்வளவுதான்னு. அந்த வேலை வந்தப்ப எனக்கு ஆசையா இருந்துச்சு, இல்லேங்கலை. ஆனா நான் போனா என்ன வித்தியாசம் தெரியப்போகுதுன்னும் தோணுச்சு."

பெரிய சண்டையில்கூட அவர் இப்படிப் பேசியதில்லை. அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்தாள், மூடினாள். எதிரே யாரோ இழுத்துப்போட்டுவிட்டுப் போன நாற்காலி ஒன்று கோணலாக இருந்தது. அதைப் போய் நேராக்க வேண்டும் என்று கால் துடித்தது. துடித்த காலை இன்னொரு காலால் மிதித்துக்கொண்டாள்.

"போன வருஷம் பத்து நாள் டிரெய்னிங் போனீங்களே," என்றாள்.

"ஆமா, அதுக்கென்ன?"

"உங்க தலகாணியை நான் தொடலை."

"என்னது?"

"தட்டிப் போடலைங்க. உங்க தலை அழுந்தின பள்ளம் அப்படியே இருந்துச்சு. கதவுக்குப் பின்னால நீங்க மாட்டிட்டுப் போன அழுக்குச் சட்டையைத் துவைக்கலை. வேலைக்காரப் பொண்ணு எடுக்க வந்தா, அவளைத் திட்டினேன். தங்கச்சி வந்து, 'உன் வீடா இது, இப்படிக் குப்பையா கிடக்கு'ன்னு கேட்டா. நீங்க வர்ற அன்னிக்குக் காலைலதான் எல்லாத்தையும் சுத்தம் பண்ணினேன். அதனால உங்களுக்குத் தெரியலை." அவள் மூச்சு விட்டுக்கொண்டாள். "இவ்வளவு நாள் கூட இருக்கீங்க. இதைக்கூட வாயால சொன்னாத்தான் தெரியுமா?"

"சொல்லாம எப்படித் தெரியும்? நான் பாக்கும்போது வீடு ஹோட்டல் மாதிரி இருக்கே."

அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. பக்கத்தில் பெட்டியை உருட்டிக்கொண்டு யார் யாரோ போனார்கள். பேச எடுத்து வைத்திருந்த அறை இல்லை, சாத்திக்கொள்ள ஒரு கதவும் இல்லை. காலில் செருப்போடு, ஊரே பார்க்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"போகாதீங்க."

அவர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"உங்களுக்கு அந்த வேலை மேல ஆசைன்னு தெரியும். அவ்வளவு உசரக் கட்டடத்துக்கு இனிமே உங்களைக் கேக்காமலே போகலாம். நாளைக்கே, என்னாலதான் போச்சுன்னு உங்களுக்குத் தோணலாம். தெரிஞ்சுதான் சொல்றேன். போகாதீங்க. என்னால முடியாது."

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். இரும்புக் கயிறு உரசி உரசிக் காய்த்துப்போன கை. அதை முழங்காலில் தேய்த்துக்கொண்டார்.

"ஆசைதான்," என்றார். "ரெண்டு மூணு நாளைக்கு உர்ருனுதான் இருப்பேன். பொறுத்துப்பியா?"

"நாலு நாள்கூட இருங்க."

அவர் போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். லிஃப்டுகளுக்குப் பக்கத்தில் போய் நின்று பேசினார். அவளுக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது. என்ன பேசுகிறார் என்று கேட்கவில்லை. லிஃப்ட் கதவு அவர் அருகே திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. ஒரு தடவைகூட அவர் திரும்பி அதைப் பார்க்கவில்லை. தவறு செய்துவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்து ஓடிப்போய், வேண்டாம், போங்கள் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். எழவில்லை.

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"வீட்ல விடமாட்டேங்கறாங்கன்னு."

"ஏங்க! என் தலைல பழியைப் போட்டுட்டீங்களா? ஆபீஸ்ல என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"நினைக்கட்டுமே. அதைச் சொல்லும்போது எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு." அவர் குரல் கொஞ்சம் கம்மியது. "இன்னொரு தடவைகூடச் சொல்லணும் போல இருந்துச்சு. அதுக்குள்ள எங்க ஆபீசர் போனை வெச்சிட்டாரு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, விடமாட்டேன். மறுபடி போன் போட்டு அதையும் சொல்லுங்க," என்றாள்.